முழுத்தொகுப்பின் கூடுதல் பக்கங்கள்

அச்சடித்து, தைத்து, அட்டை போட்டு, கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்த எண்ணூறு புத்தகங்களிலும் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நான்கு பக்கங்கள் கூடின. திங்கட்கிழமை வேலை முடிந்தபோது ஒவ்வொன்றுக்கும் தொண்ணூற்றாறு பக்கம். அச்சக முதலாளி ஒரு பிரதியை எடுத்து எண்ணினார், நூறு வந்தது. அடியில் இருந்த கட்டைப் பிரித்து இன்னொன்றை எண்ணினார், அதிலும் நூறு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தை வடிவமைத்த தன் தங்கைக்குப் போன் போட்டார்.

"எத்தனை பக்கம்னு சொன்னே?"

"தொண்ணூத்தாறுண்ணா."

"அப்ப நீயே வந்து எண்ணிக்கோ."

தங்கைக்குத் தொழில் வட்டாரத்தில் ஓரம் என்று பெயர். எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் "ஓரத்துல இன்னும் கொஞ்சம் இடம் விடுவோமே" என்று சொல்லிவிடுவாள், அதனால் வந்த பெயர். பதினோரு வருடமாக ஓவியக் கண்காட்சிகளுக்கு அழைப்பிதழ், சுவரொட்டி, படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் பெயர்ச்சீட்டு, புத்தகம் எல்லாம் அவள் கைவேலை. ஓவியர் படம் பெரிதாக வேண்டும் என்பார், கட்டுரையாளர் எழுத்து குறையக்கூடாது என்பார், கூடத்துக்காரர் நன்றியுரையில் தன் பெயர் தடிமனாக வேண்டும் என்பார். மூவரும் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி ஒரு பக்கத்தை அமைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

இந்தப் புத்தகம் அறுபத்து மூன்று வயது ஓவியர் ஒருவருடையது. மூன்று வருடத்துக்கு முன் அந்த அம்மாள் தூரிகைகளையெல்லாம் கழுவி, கீழ்வீட்டுக்காரர்களிடம் ஜன்னல் கம்பி துடைக்கக் கொடுத்துவிட்டார். "வரைய வேண்டியதெல்லாம் வரைஞ்சாச்சு" என்று, அடுப்பை அணைத்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னார். மொத்தம் நாற்பத்தொரு ஓவியங்கள். அத்தனையையும் ஒரே கூடத்தில் மாட்டி, ஒரே புத்தகத்தில் போட்டு, கணக்கை முடித்துவிடலாம் என்று அவரே தலைப்பும் கொடுத்தார்: முழுத்தொகுப்பு. கட்டுரை எழுதியவர் அவருடைய முன்னாள் கணவர். பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் மனைவியின் ஓவியம் ஒன்றைப் பாராட்டி மூன்று பத்தி எழுதிவிட்டு, "இடது மூலை மட்டும் அவசரத்தில் முடிந்திருக்கிறது" என்று நான்காவது பத்தியில் சேர்த்தார். அம்மாள் அதைப் படித்த மறுநாள் வேறு வீடு பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. ஆனால் நாற்பத்தொரு ஓவியங்களையும் வரிவரியாக அறிந்த வேறொரு மனிதர் உலகத்தில் இல்லாததால், "அவரையே எழுதச் சொல்லு, என்கிட்ட காட்ட வேண்டாம்" என்று ஓரத்திடம் சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஓரம் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே நடையாய் நடந்தாள்.

கூடியிருந்த நான்கு பக்கங்களில் ஒன்றில் ஓர் ஓவியம் இருந்தது. காலியான நீச்சல் குளத்தில் நின்று ஒருவர் குடையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் அதைப் பற்றி ஆறு வரிக் குறிப்பு. மற்ற இரண்டும் வெள்ளை. ஓரம் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அவள் விடுகிற ஓரம், அவள் தேர்ந்த எழுத்து, குறிப்பை அரை மில்லிமீட்டர் கீழே இறக்கி வைக்கும் அவள் பழக்கம் கூட அப்படியே இருந்தது. பயப்படுவதற்கு முன் அவளுக்குக் கோபம் வந்தது. "என்னைக் கேக்காம யாரோ என் வேலையைச் செஞ்சிருக்காங்க" என்றாள். அண்ணன், "நல்லாத்தானே செஞ்சிருக்காங்க" என்றார். அதற்காக அவருடன் இரண்டு நாள் பேசவில்லை.

ஓவியர் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "இது நான் போட்டதில்லையே" என்றார். பிறகு, "ஆனா அந்த நீலம் என்னுது" என்றார். பிறகு எழுந்து கீழ்வீட்டுக்குப் போய்த் தூரிகைகளைத் திருப்பிக் கேட்டார். முன்னாள் கணவர் குறிப்பைப் படித்துவிட்டு, தான் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்றும் இரண்டாவது வாக்கியம் சற்றே நீளம் என்றும் ஓரத்திடம் தெரிவித்தார். அடுத்த வியாழக்கிழமைக்குள் நீச்சல் குளம் வரைந்து முடிந்தது. மறுநாள் பத்தேகாலுக்கு இன்னும் நான்கு பக்கங்கள் வந்தன, அவற்றில் தபால் பெட்டிக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

இப்படி ஆறு வெள்ளிக்கிழமை. அந்த அம்மாளுக்கு இருபது வயது குறைந்துவிட்டதாகக் கீழ்வீட்டில் பேசிக்கொண்டார்கள். படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டினார், கன்னத்தில் மஞ்சள் வண்ணத்தோடு கடைக்குப் போனார், ஓரத்துக்குக் காலையில் ஆறு மணிக்குப் போன் செய்து "என்னம்மா, இன்னும் தூங்குறியா" என்றார். கூடத்துக்காரர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். நாற்பத்தொரு படத்துக்கு ஆணி அடித்திருந்தார், இப்போது நாற்பத்தேழு. ஓரம் சுவர் அமைப்பை ஆறு முறை மாற்றினாள், பெயர்ச்சீட்டுகளை ஆறு முறை அடித்தாள், ஏழாவதற்கும் இருக்கட்டும் என்று கடைசிச் சுவரில் எட்டடிக்கு ஐந்தடி இடம் ஒதுக்கி வைத்தாள்.

திறப்பு விழாவுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது ஏழாவது படம் வந்தது. மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்க, கையில் தாள்கள் சரிந்திருக்க, நாற்காலியில் வாய் பிளந்து தூங்கும் ஒரு மனிதர். முன்னாள் கணவர்தான்.

"இந்த ஆளை நான் வரைய மாட்டேன்" என்றார் ஓவியர். புத்தகத்தை மூடி அதன்மேல் பூந்தொட்டியை வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்தேகால் தாண்டியும் பக்கம் எதுவும் வரவில்லை. பதினொன்றுக்கு அண்ணன் போன் செய்தார். கூடிய பக்கங்களில் மை வெளிறுகிறது என்றார். ஓரம் கூடத்துக்கு ஓடினாள். மாட்டியிருந்த ஆறு புதிய ஓவியங்களும் வெளுத்த துணிபோல ஆகிக்கொண்டிருந்தன. குடையைக் காணவில்லை, நீச்சல் குளம் பாதி போயிருந்தது. ஓவியர் வந்து பார்த்தார். தன் உயிரே வடிவதுபோலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆனாலும் அந்த ஆளை வரைய மாட்டேன் என்றார். படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். அதைப் பார்த்த பிறகு ஓரத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

அவளுக்கு இந்த மனிதர்கள் எட்டு மாதப் பழக்கம். கட்டுரையாளருக்குத் தன் எழுத்தைத் தானே திருத்த உட்கார்ந்தால் எட்டாவது நிமிடம் தூக்கம் வந்துவிடும் என்பது தெரியும். கூடத்துச் சுவரில் ஒட்ட உங்கள் கட்டுரைக்கு மெய்ப்பு பார்க்க வேண்டும், என் வீட்டில் வெளிச்சம் போதாது, நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறை இருக்கிறது என்று சொல்லி, திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவரை ஓவியர் வீட்டு மாடிக்கே கூட்டிப்போனாள். வாசலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது அவ வீடு."

"ஆமா சார். நாற்காலி நல்லா இருக்கும், உக்காருங்க."

ஓவியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "தொந்தரவு பண்ணாம வேலையை முடிச்சிட்டுப் போகச் சொல்லும்மா" என்று ஓரத்திடம் சொன்னார். "பென்சில் மட்டும் கேட்டுக் குடும்மா" என்று அவரும் ஓரத்திடம் சொன்னார். ஏழாவது நிமிடம் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது, எட்டாவது நிமிடம் தாள்கள் சரிந்தன. குறட்டை கேட்டதும் ஓவியர் திரும்பினார். பதினான்கு வருடத்தில் அந்த முகத்துக்கு என்னென்ன ஆகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவ்வளவு நரைச்சுப்போச்சா" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்தார். மூன்று மணி நேரம் அந்த அறையில் குறட்டையும் தூரிகையும் தவிர வேறு சத்தமில்லை. ஓரம் ஒரு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, தும்மல் வந்தபோதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

விழித்தவர் முதலில் பார்த்தது ஓவியத்தைத்தான். கண்ணாடியை இறக்கி, கிட்டே போய், மூலைமூலையாகப் பார்த்தார்.

"என் வாய் இவ்வளவு பெருசா?" என்றார். ஓரத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

"பெருசுதான்" என்றார் ஓவியர். "எப்பவுமே அப்படித்தான்."

அதோடு அவர்கள் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. ஓரம் சொல்லாமல் கிளம்பினாள், இருவரும் கவனிக்கவில்லை. கூடத்தில் குடை திரும்பி வந்திருந்தது, குளம் முழு நீலத்தில் இருந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் நாற்பத்தெட்டாவது படத்தின் முன் நின்று கொட்டாவி விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஓவியரும் முன்னாள் கணவரும் மறுபடி சேர்ந்து வாழவில்லை. அவர் வாரம் மூன்று நாள் வந்து நாற்காலியில் தூங்கிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

விழா முடிந்து வந்த வெள்ளிக்கிழமைப் பக்கங்கள் அலங்கோலமாக வந்தன. படம் கோணலாக, குறிப்பு தலைகீழாக, ஓரம் என்பதே இல்லாமல். புத்தகத்துக்கு என்ன அவசரமோ தெரியாது. ஓரம் அதைக் கண்டு துள்ளிக் குதித்தாள், அண்ணனைக் கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு பிரதியில் வெட்டி, ஒட்டி, நேராக்கி, நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டுச் சரிசெய்தாள். மதியத்துக்குள் மற்ற எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் தாமாகவே சரியாகிவிட்டன. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வேறு வேலை ஒப்புக்கொள்வதில்லை.

வருடங்கள் போயின. அவளுக்குக் கல்யாணமாகி, ஒரு மகள் பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. ஆயிரம் பக்கம் தாண்டியபோது அண்ணன் புத்தகத்தை இரண்டு பாகமாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார், இரண்டாவது பாகம் மட்டும் வளர்ந்தது. நூலகத்தில் அதற்கு வலப்பக்கம் எதையும் அடுக்குவதில்லை. ஓவியரின் மருத்துவர் நாடி பிடிப்பதற்கு முன் கடைசி நான்கு பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறார், பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. புத்தகம் வாங்கியவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அலமாரிக்குள் தாள் மடிவதுபோல ஒரு சத்தம் வரும். வந்த விருந்தாளி திரும்பிப் பார்த்தால், ஒன்றுமில்லை, நாலு பக்கம் என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

போன மாதம் கடைக்கு வந்த ஒருவர் முழுத்தொகுப்பு மொத்தம் எத்தனை பக்கம் என்று விசாரித்தார். கடைக்காரர் பேனாவை எடுத்துக்கொண்டு, "நீங்க எந்தக் கிழமை வந்து எடுத்துக்குறீங்க?" என்று கேட்டார்.