நடுவில் ஒரு ஆள் இடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். வரட்டுமே. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை செக்கிங் செய்துகொண்டு, தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, நாற்பத்து நான்கு வயதில் கழுத்தை நீட்டியவளுக்குக் கோபம்கூட வரக்கூடாதா என்ன? ஆனால் திருமுருகனைக் கட்டிக்கொண்டு திருநின்றவூருக்கு வந்த பிறகு, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த மனுஷன் சண்டைக்கே வரமாட்டார்.

அவருக்குத் திருமழிசையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை. முதல் மனைவி லோகேஸ்வரி தவறி ஐந்து வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. என்கூட வேலை செய்யும், அவர் தெருவிலேயே குடியிருக்கும் அங்கம்மா அக்காதான், "நல்ல மனுசன்டி கமலம், வாயத் தொறந்தே பேச மாட்டாரு, உன் வாய்க்கு அதான் சரி" என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம், ஆவடியில் ஓட்டலில் சாப்பிட்டோம், முடிந்தது கல்யாணம்.

வீட்டு ஹால் ரயில் பெட்டி மாதிரி நீளம். அதன் கடைசிச் சுவரில், கண்ணுக்கு நேராக, லோகேஸ்வரியின் படம். சந்தனப் பொட்டு வைத்த கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள்மேல் எனக்கு ஒன்றும் பகை கிடையாது. செத்துப்போனவளோடு என்ன பகை? ஆனால் ஆறு மாதமாக அந்த வீட்டில் சோறு பொங்கியும் எனக்கு விருந்துக்கு வந்தவள் மாதிரியே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள். நானும் அவரும் சேர்ந்து நிற்கிற ஒரே ஒரு படம் அந்தச் சுவரில் இருந்தால் போதும், இது என் வீடு என்று எனக்கு ஆகிவிடும். வாய்விட்டுக் கேட்பேனா? மாட்டேன். கேட்டு வாங்குகிற பொருளா அது?

கேட்காமலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராக ஆரம்பித்தார். பீரோவின் மேல்தட்டிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு கேமராவை எடுத்து வந்தார்.

"இன்னாங்க இது?"

"ஃபிலிம் கேமரா. பர்மா பஜார்ல வாங்கனது. நம்ம ரெண்டு பேரும் சேந்தாப்ல ஒரு ஃபோட்டோகூட இல்ல பாரு."

"அதுக்குத்தான் என் ஃபோன் கீதே."

"ஃபோன்ல எடுத்தா ஃபோனுக்குள்ளயே கெடக்கும். இதுல எடுத்தா கைக்கு வரும். செவுத்துல மாட்டலாம்."

சுவர் என்றதும் எனக்கு நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியே கெட்ட புத்தி எட்டிப் பார்த்தது.

"அதோ மாட்டிகீதே, அதுவும் இதுல எடுத்ததுதானா?"

"ஆமா" என்றார். வேறு யாராவதாக இருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்கள். இவருக்கு அதுவும் வராது. அவளை எடுத்த கேமராவிலேயே என்னையுமா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அவர் அதற்குள் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

கேமராவின் அடிப்பக்கத்தைத் திறந்து இரண்டு பென்சில் பேட்டரியைப் போட்டார். பிறகு முதுகுப் பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே ஊதினார். ஃபிலிமை ஆன்லைனில் வரவழைத்திருந்தார். விலையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு ஃபோட்டோவே எடுத்திருக்க மாட்டோம். ஃபிலிம் சுருளை இடது பக்கக் குழியில் உட்காரவைத்து, அதன் நாக்கை மெதுவாக இழுத்து, வலது பக்கத்தில் இருந்த சிவப்புக் கோடு வரைக்கும் கொண்டுவந்தார். கிரீஸ் ஏறிக் கறுத்த விரல்கள், ஆனால் பூத்தொடுக்கிற மாதிரி வேலை செய்தன.

"இந்தக் கோட்டத் தாண்டனாலும் மாட்டாது, எட்டலன்னாலும் மாட்டாது. இப்ப பாரு."

மூடியைச் சாத்தினார். உள்ளே ர்ர்ர் என்று ஏதோ சுற்றியது. மேலே சின்ன ஜன்னலில் 1 என்று வந்தது. அவர் பல் தெரியச் சிரித்தார். ஆறு மாதத்தில் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இனிமே மூடியத் தொறக்கவே கூடாது. வெளிச்சம் பட்டா எல்லாம் அவுட்டு."

ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கட்டிய மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். கேமராவை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, கண்ணை ஒட்டிப் பார்த்தார். "முகம் பெருசா தெரியணும், கிட்ட வா. இப்டிக்கா. போதும்" என்று என்னை ஓர் ஓரமாக நிற்கவைத்தார். பிறகு ஃபிளாஷை அணைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"பின்னாடி கண்ணாடில பட்டுத் தெறிக்கும்."

அவள் கண்ணாடி! பத்திக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

டைமர் பட்டனை அமுக்கினார். முன்பக்கம் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்ததும் விறுவிறுவென்று வந்து எனக்கு அந்தப் பக்கமாக நின்றார். எங்கள் நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். நானும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. கிளிக். ஒன்று போதாது என்று நாலைந்து எடுத்தார். அப்புறம் தெருவில் கேமராவைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்து, பைக்கைப் பின்னால் நிறுத்தி எடுத்தார். சாயங்காலம் ஏரிக்கரைக்கும் கூட்டிப்போனார். எங்கே போனாலும் அதே மாதிரிதான், அவர் ஓரம், நான் ஓரம். இருட்டுவதற்குள் ஃபிலிம் முடிந்து, கேமரா தானாகவே அதைத் திருப்பிச் சுற்றிக்கொண்டது.

மறுநாள் ஆவடியில் ஜஸ்டின் என்ற பையன் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கொடுத்தோம். சிட்டிக்கு அனுப்பிக் கழுவி வாங்குவானாம். இவருடையது பட்டன் ஃபோன் என்பதால் வாட்ஸப்புக்கு என் நம்பரைக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க வேலை ஓடவில்லை. காலர் கோணலாக இருந்த சட்டைகளைக்கூடப் பாஸ் பண்ணிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் இருக்கும்போது படங்கள் வந்தன. சாப்பாட்டுக் கையோடு முதல் படத்தைத் திறந்தேன்.

இடது பக்கம் மஞ்சளாக ஒரு கலங்கல். அது நான். வலது பக்கம் நீலச் சட்டையில் ஒரு கலங்கல். அது அவர். எங்கள் நடுவில், கண்ணாடி, பொட்டு, காது கம்மல் முதற்கொண்டு பளிச்சென்று, லோகேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயே, லோகு எவ்ளோ தெளிவா கீறா பாரு!" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மீதிச் சோற்றைக் கொட்டிவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? நன்றாகவே அழுதேன். கேமராவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று.

அழுது முடிந்ததும் வழக்கம்போலக் கோபம் வந்தது. சாயங்காலம் ரயிலில் ஆவடியிலேயே இறங்கி, நேராக ஸ்டுடியோவுக்குள் போனேன்.

"இன்னாப்பா கழுவினீங்க? மூஞ்சியே இல்ல! காசு வாங்கனா ஒழுங்கா பண்ண மாட்டீங்களா?"

ஜஸ்டின் பயந்துவிட்டான். "மேடம், மேடம், உக்காருங்க. கழுவுனதுல ஒண்ணும் தப்பு இல்ல. எல்லாத்தையும் பாத்தீங்களா?"

நான் எங்கே பார்த்தேன்? அந்த ஒன்றோடு சரி. பிரிண்ட்டுகளை மேஜைமேல் பரப்பினான். தெருவில் எடுத்ததில் நாங்கள் இருவரும் கலங்கல், நடுவில் பைக் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது. ஏரிக்கரையில் நாங்கள் கலங்கல், ஏரி அந்தக் கரை வரைக்கும் தெளிவு.

"இந்தக் கேமரா நடுவுல மட்டும்தான் பாக்கும் மேடம். நடுவுல இன்னா கீதோ அதுக்குத்தான் ஃபோகஸ் பண்ணும். நீங்க ரெண்டு பேரும் எல்லாத்துலயும் நடுவுல கேப் விட்டுகீறீங்க. அது இன்னா பண்ணும் பாவம், சந்துல பூந்து பின்னாடி இருக்கறதப் புடிச்சிகிச்சு."

"அப்ப இன்னா பண்றது?"

"சிம்பிள். நீங்க நடுவுல நில்லுங்க. சார் பட்டன அமுக்கிட்டு வந்து ஒட்டி நிக்கட்டும். அவ்ளோதான்."

நடுவில் நானா? பிரிண்ட்டுக் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் வரும்போது கோபம் முழுக்க வடிந்துவிட்டது. பாவம், கேமரா என்ன செய்யும். இடம் விட்டது நாங்கள்தானே.

வீட்டில் எடுத்த படங்களை மட்டும் கைப்பையில் ஒளித்துவிட்டு, கவரை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜஸ்டின் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஊட்டுல எடுத்தது எங்க?"

"அதுவும் இப்டித்தான். சரியா வரல."

"காட்டு."

காட்டாமல் இருக்க முடியவில்லை. கையில் வாங்கி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அழுத கண் காட்டிக்கொடுக்காமல் இருக்குமா? எழுந்துபோய் லோகேஸ்வரியின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். துண்டால் துடைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹால் நடுவில் நின்றார்.

ஆறு மாதமாக உள்ளுக்குள் நான் கேட்டது இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பிள்ளையோடு வழி தெரியாமல் நிற்கிறவர் மாதிரி நின்றார் அந்த மனுஷன்.

"யாரக் கேட்டு எறக்கனீங்க?" என்று கத்தினேன்.

"நீ அழுதுகீற."

"அழுதேன். அதுக்குன்னு அவங்கள எறக்கிட்டா எனக்கு எடம் வந்துருமா? நாளையிலருந்து நீங்க அந்த வெத்துச் செவுத்தையே பாத்துகினு இருப்பீங்க. அதை நான் பாத்துகினு இருக்கணும். மாட்டுங்க மொதல்ல!"

அவர் மாட்டவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அன்னிக்கு உன் பக்கத்துல வந்து நிக்கணும்னுதான் வந்தேன் கமலம். இவ பின்னாடியிலருந்து பாத்துகினு கீற மாதிரியே இருந்துச்சு. உன் தோள்ல கை போட்டா இவளுக்குத் துரோகம். போடலன்னா உனக்குத் துரோகம். இன்னா பண்றதுன்னு தெரியல. தள்ளி நின்னுட்டேன்."

"நான் மட்டும் ஒட்டிகினா நின்னேன்? எனக்கும் அதேதான். அவங்க இருக்கற எடத்துல நான் எப்டி நிக்கறதுன்னுதான் ஓரமா நின்னேன்."

பிறகு படத்தை அவர் கையிலிருந்து நானே வாங்கி, நானே மாட்டினேன். நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"இங்கயே இருக்கட்டும். நமக்குப் பின்னாடி இருக்கட்டும். நடுவுல வேணாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பீரோவைத் திறந்து கேமராவை எடுத்து வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

"ஃபிலிம் இல்லியே" என்றார்.

"தெரியும். மொதல்ல நிக்கக் கத்துக்குங்க. அப்பறம் ஃபிலிம் வாங்கலாம். அநியாய வெல விக்குது, கத்துக்காம எடுத்தா கட்டுப்படி ஆவாது."

நடுவில் போய் நின்றேன். கம்பெனிச் சுரிதார், கலைந்த தலை, வீங்கிய கண். இருக்கட்டும். அவர் குனிந்து பார்த்தார், டைமரை அமுக்கினார். சிவப்பு விளக்கு மின்ன, வந்து பக்கத்தில் நின்றார். இன்னும் ஒரு சாண் இருந்தது.

"ஒட்டி" என்றேன்.

ஒட்டினார்.

"கை?"

ஒரு நொடி தயங்கிவிட்டு என் தோளில் கையைப் போட்டார். கனமான கை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத பட்டறை எண்ணெய் வாசம். என்னையறியாமல் அவர் பக்கம் சாய்ந்தேன். விளக்கு வேகமாக மின்னி, கிளிக் என்றது.

"நல்லா வந்துருக்கும்" என்றார், ஃபிலிம் இருக்கிற மாதிரி. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

"இன்னொரு தபா பழகலாமா?" என்று கேட்டேன்.

"அமுக்கணும்னா நான் அங்க போவணுமே" என்று சொன்னாரே தவிர, கையை எடுக்கவில்லை.