ஒட்டுக்கட்டிய மோரிஸ்

1974ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஈப்போ நகரத்துச் சிலிபினில் மாயாண்டியின் மோரிஸ் டாக்சி துளிர் விட்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாயாண்டியின் மனைவி வீரம்மாவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஏனென்றால் துளிர்த்தது அவளுடைய தையல் மெஷினின் மோட்டார்.

மாயாண்டி செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டியவன். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து டாக்சி ஓட்டினான். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த அந்த வருஷம், ஒரு கார்க்கடையில் விற்பனை பார்த்த பெர்னார்ட், கடைக் கண்ணாடியில் ஒரு படம் ஒட்டினான்: அடுத்த ஆண்டு வரப்போகும் கார், பாதி பெட்ரோல், பாதி கரண்ட். முந்நூறு பேர் முண்டியடித்துப் பெயர் கொடுத்தார்கள். மாயாண்டி படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இது நம்ம ஒட்டுக்கன்னுதானே தம்பி? இதுக்கு எதுக்கு ஒரு வருசம்? இருபத்தோரு நாள் போதும் லா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றினான். தீபாவளிக்கென்று வந்த இருபத்தேழு ரவிக்கைத் துணிகள் மேசையில் கிடந்தன. "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று வீரம்மா கத்தியது மூன்று வீடு தாண்டிக் கேட்டது. அவன் காதில் விழுந்தால்தானே! பானெட்டுத் தகரத்தைக் கத்தியால் கீறினான். அது பட்டைபோல உரிந்து பால் வடிந்தது. மோட்டாரை உள்ளே வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றினான். இருபத்தோராம் நாள் பிரித்து நகத்தால் சுரண்டினான். பச்சையாக இருந்தது, ஒட்டுப் பிடித்துவிட்டது.

மேட்டில் பெட்ரோலும் சமதரையில் மோட்டாரும் இழுத்தன. மோட்டார் இழுத்த இடமெல்லாம் சாலையில் தையல் விழுந்தது. கிழிந்த சட்டையோடு ஏறியவர்கள் செமோரில் தைத்த சட்டையோடு இறங்கினார்கள். வீரம்மாவிடம் துணி கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இப்போது அதே துணியைத் தைக்காமலே மேலே சுற்றிக்கொண்டு டாக்சியில் ஏறினார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல். மிச்சமிருந்த ரவிக்கைகளை அவள் கையால் தைத்து, விரலெல்லாம் குத்திக்கொண்டாள். பெர்னார்டின் பட்டியலில் இருநூறு பேர் பெயரை அடித்துவிட்டார்கள். கழுத்துப்பட்டி கட்டிய கார்க் கம்பெனிக்காரர்கள் இருவர் வந்து பின்சீட்டில் உட்கார்ந்து போனார்கள். ஜனங்களுக்கு எந்த நிறம் பிடிக்கிறது, பிள்ளைகள் வாந்தியெடுக்கிறார்களா என்றெல்லாம் எழுதிக்கொண்டார்கள்.

எட்டாவது மாதம் துளிர் மஞ்சளடித்தது. ஒட்டுப் பிடித்தபின் தாய்க்கன்றின் தலையை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஒட்டைத் தின்றுவிடும். இது மாயாண்டிக்குத் தெரியாததில்லை. இங்கே தாய்க்கன்று என்பது அவனுக்கு இத்தனை நாள் சோறு போட்ட பெட்ரோல் எஞ்சின். ரம்பத்தை எடுப்பதும் வைப்பதுமாக ஒன்பது நாள் போனது. பெர்னார்ட் ஓடி வந்தான். "வெட்டிராதீங்கண்ணே! பாதிப் பாதியா இருந்தாத்தான் கம்பெனி இந்த டாக்சிக் காடிய வாங்கும். வெட்டிட்டா அப்புறம் சுசா லா, கஷ்டந்தான்!"

வீரம்மா பானெட்டில் காதை வைத்தாள். பதினோரு வருஷம் அவளோடு பேசிக்கொண்டிருந்த மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. "அது சாவுதுங்க" என்றாள். மாயாண்டி அவளுடைய விரல்களை அப்போதுதான் பார்த்தான். ரம்பத்தை வைத்து அறுத்தான். எஞ்சின் விழுந்தபோது வாய்விட்டு அழுதான், பெர்னார்ட் நிற்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை. வெட்டிய இடத்திலிருந்து இரண்டு நாள் சாக்கடையில் பால் ஓடியது.

மூன்றாம் நாள் மோட்டார் தளதளவென்று துளிர்த்து நின்றது. ஆனால் மாயாண்டி எத்தனை முறை மிதித்தும் கார் அசையவில்லை. வீரம்மா அவனை நகரச் சொல்லி உட்கார்ந்து, மெஷினை மிதிக்கும் அதே பதத்தில் மிதித்தாள், கிளம்பிவிட்டது. அந்த வருஷமே லைசென்ஸ் எடுத்தாள். கதவு திறந்துவிடும் வேலையை மாயாண்டி பார்த்தான். பெட்ரோல் தேவைப்படவில்லை, ஏறுகிறவர் ஒரு நூற்கண்டு கொண்டுவந்தால் போதும். சிலிபின் செமோர் சாலையில் பிறகு ஒரு குழிகூட விழவில்லை.

கார்க்கடைக் கண்ணாடியில் படத்தை மூன்று முறை மாற்றி ஒட்டினார்கள். 1983இல் பெர்னார்ட் முழங்கை கிழிந்த கோட்டோடு டாக்சியில் ஏறி, அடுத்த ஆண்டு அந்தக் கார் கட்டாயம் வந்துவிடும் என்றான்.

"வரட்டும் தம்பி. நூல் கொண்டாந்தியா?" என்றாள் வீரம்மா.

அவன் கறுப்பு நூற்கண்டை நீட்டினான். மாயாண்டி கதவைச் சாத்தினான். அன்று செமோர் வரைக்கும் கறுப்புத் தையல்.