பின்சீட்

குழந்தைகளின் இரட்டைத் தள்ளுவண்டி வாசலில் மாட்டிக்கொண்டது. கோணலாக நுழைத்துப் பார்த்ததில் முன்சக்கரம் ஒன்று மட்டும் வீட்டுக்குள் வந்திருந்தது. மற்றவை வெளியே நடைபாதைக் கல்லில் நின்றன. இறுக்கிக் கட்டிய பட்டைகளோடு அருகருகே உட்கார்ந்திருந்த இரட்டையர் குண்டும் நண்டும், கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்த பாட்டியின் உடலை நேருக்கு நேராகப் பார்த்தார்கள். குண்டு கொட்டாவி விட்டாள்.

"கொஞ்சம் இடது பக்கம் இழுங்க," என்று வெளியிலிருந்து சொன்னான் குழந்தைகளின் அப்பா.

"யாருக்கு இடது?" என்று உள்ளேயிருந்து கேட்டார் மாமா.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் தெளிந்துவிட்டன. காலையிலிருந்து துக்கமாக இருந்து களைத்துப்போனவர்களுக்குச் செய்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது. எண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். கதவைக் கழற்றினால் என்ன என்றார் இன்னொருவர். அம்மாவை உயிரோடு இருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காத ஒரு தூரத்து உறவுக்காரர், முட்டி போட்டு உட்கார்ந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், தர்பூசணி வாங்க வந்தவர்போல.

அவள் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். தன் அம்மாவின் வீட்டுக்குள் போக, தான் வாங்கிய வண்டியே வழிவிட வேண்டியிருந்தது.

"வாசலை அளந்தீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நம்ம வீட்டு வாசலை அளந்தேன்."

அவன் கணக்கு வாத்தியார். எதையும் வாங்குவதற்கு முன்னால், அதை வாங்கி ஏமாந்தவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் புலம்பலை எல்லாம் படித்துவிடுபவன். அம்மா அவனுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தாள். "உன் வீட்டு ஸ்கேல் எப்படி இருக்கு?" என்றுதான் போனில் விசாரிப்பாள். அந்த ஸ்கேல் இப்போது வியர்த்துக்கொண்டு, மாமாவின் இடதையும் தன் இடதையும் ஒன்றாக்க முயன்றுகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தைகளைப் பட்டை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டாள். பின்னால் நின்றிருந்தவள் வண்டிக்கு மேலே ஒரு காலைப் போட்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்து, உள்ளே இறங்கினாள். யாரும் கை கொடுக்கவில்லை. எல்லோரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் முகத்தில் வழக்கமான பாவனை இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது. ஆயுசு முழுக்க எதிரில் இருப்பவரை எடைபோட்டு, குறைவாக இருக்கிறது என்று முடிவுசெய்தவளின் முகம் அது. இப்போது யாரைப் பற்றியும் எந்த அபிப்பிராயமும் இல்லாமல் கிடந்தது. நேற்று காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள் என்று அக்கா சொன்னாள். அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். எல்லாவற்றிலும் அவள்தான் முதலில் வந்து சேருவாள், பிறப்பு உட்பட.

அக்கா என்றாலும் அவளுக்கு மூத்தது சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷங்களை வைத்துக்கொண்டு அக்கா இவ்வளவு காலம் ஓட்டிவிட்டாள் என்பது அவளுடைய கணக்கு.

இந்த வண்டி வாங்கிய கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவள் நிறைமாதமாக இருந்தபோது, கடைக்கு நானும் வருகிறேன் என்று அம்மா பஸ் பிடித்து வந்தாள். கடையில் இரட்டை வண்டிகள் இரண்டு வகையாக நின்றன. ஒன்றில் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில். இன்னொன்றில் ஒன்றன்பின் ஒன்றாக. விற்பனையாள் ஒவ்வொன்றையும் ஒரே கையால் மடக்கிக் காட்டினான். மூன்றாவது வண்டி மடங்க மறுத்தபோதும் அவன் சிரிப்பு மாறவில்லை.

"சிரிப்பை வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்கான்," என்றாள் அம்மா, அவள் காதருகில். "சாயங்காலம் கடையிலயே கழட்டி வச்சிட்டுப் போயிடுவான்."

"கேக்கப் போகுதும்மா. சும்மா இரேன்."

அம்மா சலவைக் கடை கவுன்டரில் வேலை பார்த்தவள். ஊரார் காலரையும் அக்குளையும் பார்த்து வாங்கி, டோக்கன் குத்தி உள்ளே தள்ளியவள். அதனால்தானோ என்னவோ, யாரைப் பற்றியும் அவளிடம் நல்ல வார்த்தை கிடையாது. அந்தப் பழக்கத்தை மகள் வெறுத்தாள். கூட்டமான இடங்களில் அம்மாவோடு நடப்பதே அவளுக்குக் கூச்சம்.

"முன்னாடி பின்னாடி இருக்கிறதை வாங்கு," என்றாள் அம்மா. "அதுதான் நல்லது. ஒண்ணாவது கைக்குப் பக்கத்துல இருக்கும்."

"வேண்டாம். பக்கத்துல பக்கத்துலதான்."

"அது பீரோ மாதிரி இருக்கு. எந்த வாசல்ல நுழையும்?"

"நுழையற வாசலுக்குப் போயிக்கிறோம்."

கணவன் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்று, இரண்டுக்கும் தலையாட்டினான். பிடித்துப் போனது எது என்று கேட்டால் எதைச் சொன்னால் சண்டை வராது என்று யோசிக்கிற முகம் அவனுக்கு. அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், "ஒருத்தி இன்னொருத்தி மண்டையைப் பாத்துக்கிட்டே வளர வேண்டாம்மா. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு."

அம்மா வண்டியின் சீட்டுத் துணியை விரல் நுனியில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். "துவைச்சா சாயம் போகும்," என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குழந்தைகள் பிறந்த பிறகு அம்மாதான் பஸ்ஸில் வந்து வந்து போனாள். ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாயேன் என்று கேட்டாள். பாக்கலாம்மா என்று அவள் சொன்னாள். இன்று கூட்டிக்கொண்டு வந்தாயிற்று.

சமையலறையில் அக்கா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக யாராவது வரும்போது வெளியே வந்து ஒரு பாட்டம் அழுவாள். அவர்கள் உட்கார்ந்ததும் உள்ளே போய்விடுவாள். வண்டி வாசலை அடைத்ததிலிருந்து புதிதாக யாரும் வர முடியாததால் அழுகையும் நின்றிருந்தது.

"இந்த வண்டியை இன்னிக்குன்னு பாத்து எடுத்துட்டு வரணுமா?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"ரெண்டையும் இடுப்புல வச்சுக்கிட்டா வர முடியும்?"

"அம்மாவை எப்படி வெளிய எடுக்கிறதாம்? ஜன்னல் வழியாவா?"

"எடுத்துடுவாங்க."

"யாரு, மாமாவும் உன் வாத்தியாருமா? நாளைக்கு எடுப்பாங்க." அக்கா வடிகட்டியைத் தட்டினாள். "அவ அப்பவே சொன்னா இல்ல, முன்னாடி பின்னாடி இருக்கிறதை வாங்குன்னு? எங்கிட்ட வந்து புலம்பினா. எதிலேயும் உனக்கு வீம்பு."

இவ்வளவு காலமாக அவள் நாக்கு நுனியில் வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. சாவு வீட்டுச் சமையலறை அதற்கு இடமில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"உனக்கென்ன, நம்ம வண்டியில நீ முன்னாடி உக்காந்தவ. உலகம் பூரா உன் முன்னாடி விரிஞ்சு கிடந்துச்சு. நான் அஞ்சு வயசு வரைக்கும் பாத்ததெல்லாம் உன் ரெட்டைப் பின்னல்தான். பின்சீட்டுல போட்டா போதும் இவளைன்னு அம்மா முடிவு பண்ணிட்டா. எம் பொண்ணுங்களுக்கு அது வேண்டாம்."

அக்கா வடிகட்டியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். இரண்டு நாளாக அழுது வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பு அசிங்கமாக இருந்தது. அதில் இருந்த இளக்காரம் அவளுக்குப் பரிச்சயமானது. கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"உலகமா? பஸ்ஸோட பின்பக்கம்டி. புகை. நாய். ஆளுங்களோட முட்டி. எதிர்ல வர்ற சைக்கிள் எல்லாம் எம் மேலதான் ஏறப்போகுதுன்னு கண்ணை மூடிக்குவேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி குசுகுசுன்னு பேசிச் சிரிச்சிட்டு வருவீங்க. என்னம்மான்னு திரும்பினா பட்டை கழுத்தை அறுக்கும். 'ஒண்ணுமில்ல, நேராப் பாரு'ம்பா."

"யாரு பேசினா? நான் எங்க பேசினேன்?"

"இடம் மாத்திக்கலாமான்னு ஒரு தடவை கேட்டேன். 'அவ சின்னவ, கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும்'னா. சின்னவளாம்! ஒரே நாள்ல பொறந்தவ."

"அம்மா யார்கிட்டயும் பேசலை. தெருவுல போறவங்களைத் தானா திட்டிக்கிட்டே வருவா. அவ்வளவுதான்."

"தானாவா?" அக்கா அவளை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்டடி திட்டினா?"

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காதான் அடுப்பை அணைத்தாள்.

அவளுக்கு அந்தப் பின்னல்கள் எப்போதும் நினைவிருந்தன. பின்னலின் நுனியில் கட்டிய நாடாவின் சிவப்புகூட. அதற்கு மேலே, தலைக்கு மேலே, என்ன இருந்தது என்று அவள் அண்ணாந்து பார்த்ததில்லை. கஞ்சி மணமும் இஸ்திரிச் சூடும் கலந்து ஒன்று குனிந்து வரும். உச்சந்தலை மயிர் அசையும். இந்தாளு நடையைப் பாரு, காலை யார்கிட்டயோ இரவல் வாங்கிட்டு வந்த மாதிரி. அந்தம்மா கொண்டையில காக்கா வந்து முட்டை போடப் போகுது பாரு. அவள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். சிரித்த சத்தம் முன்சீட் வரை போயிருக்கிறது.

"டீ ஆறப்போகுது," என்றாள் அக்கா. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வா, முதல்ல அந்தப் பீரோவை எடுப்போம்."

வாசலில் மாமா இப்போது கதவின் கீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார். "நகருங்க மாமா," என்றாள் அக்கா. அவள் ஒரு பக்கம் குனிந்தாள், தங்கை மறுபக்கம். யாரும் யாருக்கும் இடது வலது சொல்லவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகச் சாய்த்துத் தூக்கினார்கள். வண்டி ஒருக்களித்து, கதவுச் சட்டத்தில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டு வெளியே போனது.

"நானும் அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன்," என்றார் மாமா.

கணவன் கீறலை விரலால் தடவிப் பார்த்தான். "வண்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றான்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவையும் அதே வாசல் வழியாக எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரும் அந்த இடத்தில் சற்றுத் தட்டியது. "கொஞ்சம் இடது பக்கம்," என்றார் மாமா பழக்கதோஷத்தில். இந்த முறை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அம்மாவையும் லேசாகச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பெரிய சாலை வரும்வரை அமரர் ஊர்தி மெதுவாகப் போகும், எல்லோரும் பின்னால் நடந்து வரட்டும் என்று முடிவாகியிருந்தது. குண்டையும் நண்டையும் மறுபடி பட்டை போட்டுக் கட்டினாள். இரட்டை வண்டி நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் முந்த முடியாமல் சாலையில் இறங்கி, சகதியைத் தாண்டி, முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். இரங்கல் சொல்ல வந்தவர்களின் வாயில் இப்போது வண்டியின் அகலம்தான் இருந்தது. அவளுக்கு அவர்களைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. செருப்பு நனைந்ததும் துக்கம் வடிந்துவிட்டது இவர்களுக்கு.

முன்னால் மாமா நடந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவே தன் பொறுப்பில் இருப்பதுபோல நிமிர்ந்து. சலவைச் சட்டை. அதன் காலருக்குக் கீழே சலவைக் கடை டோக்கன் எடுக்கப்படாமல் தொங்கி, அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் ஆடியது.

அவள் அதையே சிறிது தூரம் பார்த்துக்கொண்டு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு தலைகளுக்கும் நடுவில் வாயைக் கொண்டுபோனாள்.

"மாமாத் தாத்தா சட்டையைப் பாருங்க," என்றாள் மெல்ல. "டோக்கனோட வந்திருக்காரு. சாயங்காலத்துக்குள்ள யாராவது வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு."

குரல் எங்கிருந்து வருகிறது என்று இரண்டும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தன. நண்டு வாயைத் திறந்து, இருந்த ஒரே பல்லைக் காட்டினாள்.

முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்த அக்கா திரும்பினாள். "என்னடி?"

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. கைப்பிடியின் நடுவிலிருந்து கைகளை எடுத்து ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

"இங்க வா," என்றாள். "மாமா காலரைப் பாரு."

அக்கா வந்து கைப்பிடியின் மறுபாதியைப் பிடித்தாள். பீரோ அகலத்துக்கு இருந்த வண்டியில் இரண்டு பேர் தாராளமாக நின்று தள்ள முடிந்தது. கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் தோள் குலுங்கியது. முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து முணுமுணுப்பை நிறுத்திவிட்டு, சற்று இடைவெளி விட்டு நடந்தார்கள்.