இருபத்து நாலாவது புள்ளி

இயற்பியல் துறைக் கட்டடத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஈ மொய்க்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. கேன்டீனில் திறந்து கிடந்த சர்க்கரை டப்பாவை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாடியேறி, துறைத் தலைவரின் மேசையில் கிடந்த கட்டுரையின் மேல் இறங்கின. தாள் முழுவதும் அல்ல. மூன்றாம் பக்கத்து அட்டவணையில், அளக்காமலே எழுதிய ஏழு எண்களின் மேல் மட்டும், எண்ணுக்கு ஒன்றாக உட்கார்ந்தன. அதே பக்கத்தைக் கணினியில் திறந்தால் திரையிலும் அதே இடத்தில் உட்கார்ந்தன. மறுநாள் மருந்து அடித்தார்கள். பல்லி செத்தது, கரப்பான் செத்தது, நூலகத்து எழுத்தருக்கு இருமல் வந்தது, ஈக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரப்பதத்தால்தான் ஈ வருகிறது என்று தலைவர் ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். அந்தக் கட்டுரையைக் கையில் எடுக்கவே முடியவில்லை, அவ்வளவு ஈ.

தலைவருக்குக் கட்டடத்தில் வழங்கிய பெயர் வாரம்ரெண்டு. வாரத்துக்கு இரண்டு கட்டுரை, வருடத்துக்கு நூற்று நாலு. காய்ச்சல் வந்தாலும் குறையாது. ஒரு கட்டுரையின் முதல் வரியிலேயே, ‘நிச்சயமாக! நீங்கள் கேட்ட முன்னுரை இதோ’ என்று, எழுதிக் கொடுத்த இயந்திரம் சொன்ன முகமன் அப்படியே அச்சாகியிருந்தது. பதினோரு பேர் அதற்குத் தங்கள் பெயரைக் கொடுத்திருந்தார்கள், இரண்டு பேர் சரிபார்த்ததாகச் சான்று எழுதியிருந்தார்கள், ஆய்விதழ்க்காரர் பணம் வாங்கியிருந்தார். படித்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. பேருக்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி பட்டம் மாட்டிக்கொண்ட கூட்டத்தில் அந்தக் கட்டுரையை முதலில் படித்தது ஈதான்.

வாரம்ரெண்டுவின் தங்கையைக் கட்டியவர், கீழ்த்தளத்துக் குளிர்ச் சோதனைக்கூடத்துப் பேராசிரியர். யார் உள்ளே வந்தாலும் “கதவைச் சாத்து” என்று முப்பது வருடமாகக் கத்தியதால் அவர் பெயர் கதவுசாத்தி. இளவயதில் அவர் ஒரு மெல்லிய கம்பியைப் படிப்படியாகக் குளிரவைத்து, மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து, இருபத்து மூன்று புள்ளிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்திக் காட்டினார். வேலை, பெயர், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அந்த வரைபடம் எல்லாம் அந்தக் கோட்டால் வந்தவை. உண்மையில் அளந்தது இருபத்து நாலு. ஒரு புள்ளி கோட்டை விட்டு எகிறி நின்றது. அந்த நேரம் பார்த்து, கூடத்துக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் கதவைத் திறந்ததால் வெளிச்சூடு புகுந்துவிட்டது என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஐந்தாறு வருடத்துக்கு முன் வாரம்ரெண்டு, ஒரு சாம்பல் நிறப் பொடி அறைச் சூட்டிலேயே துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று கிளப்பிவிட்டிருந்தார். அதற்கு அஸ்திவாரம் தங்கை புருஷனின் அதே கோடு. உலகத்தில் முன்னூறு பேர் அந்தக் கோட்டின் மேல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கதவுசாத்தி அந்தப் பொடியை நாலு வருடம் உட்கார்ந்து அளந்தார். செங்கல் எவ்வளவு கடத்துமோ அவ்வளவு கடத்தியது. அதை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். ஒன்பதே நிமிடத்தில் பதில் வந்தது: அற்புதமான பொடியைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டுகள், கீழ்க்கண்ட பத்தொன்பது கட்டுரைகளையும் மேற்கோள் காட்டவும். அதில் பதினேழு மச்சானுடையவை. கூடவே, ஆட்டுக் குளம்பு நோய் பற்றிய இதழுக்கு ஆசிரியராக வரும்படி ஓர் அழைப்பு. கதவுசாத்தி எழுந்து போய் வாஷ்பேசினில் காறித் துப்பிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் சாப்பிட வந்தார். சட்டைப் பையில் பொடியைப் பற்றிய புதுக் கட்டுரையை மடித்து வைத்திருந்தார். பைக்கு மேல் கைக்குட்டை அகலத்துக்கு ஈ. அவர் அதற்குப் பழகிப்போயிருந்தார்.

“மாப்ளே, இதுல உங்க பேரையும் போட்டிருக்கேன். ஒரு கையெழுத்துதான். ஜூன்ல நீங்க ரிட்டயர் ஆனாலும் லேப் மூணு வருஷம் உங்ககிட்டயே இருக்கும். இல்லேன்னா அங்க மீட்டிங் ஹால் வருது, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“அந்தப் பொடி வெறும் செங்கல், மச்சான்.”

“இருக்கட்டுமே. யாரு படிக்கப் போறா?”

“ஈ படிக்குதே.”

“ஈயா வந்து எனக்குப் பதவி குடுக்கப் போவுது?”

தட்டுக்கு மேலே விசிறிக்கொண்டிருந்த மனைவி, “அண்ணா, அந்தச் சட்டையக் கழட்டி வெளிய மாட்டிட்டு வந்து உக்காரு. குமட்டுது எனக்கு,” என்றார். துறைத் தலைவர் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். கையெழுத்து கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை கதவுசாத்தி, செங்கல் விஷயத்தை இன்னும் அழுத்தமாக எழுதலாம் என்று தன் பழைய கட்டுரையை அலமாரியிலிருந்து எடுத்தார். வரைபடத்தைப் பிரித்ததும் ஒரே ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மையின் மேல் அல்ல, வெற்றுத் தாளில். பதினேழாவது புள்ளிக்கும் பதினெட்டாவதுக்கும் நடுவே, கோட்டுக்கு அரை விரற்கடை மேலே. விரட்டினார். அதே இடத்துக்கு வந்தது. சுவரில் மாட்டிய படத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் கண்ணாடிக்கு மேல் ஒன்று, அதே இடம். பழைய நோட்டைத் தேடி எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தார். இருபத்து நாலாவது புள்ளி இருந்திருக்க வேண்டிய இடம், மயிரிழை பிசகாமல்.

ஃபிட்டரைக் கூப்பிட்டார். “பாருய்யா, அன்னைக்கு நீ கதவத் தொறந்த கூத்து, இப்ப வந்து உக்காந்திருக்கு.”

ஃபிட்டர் கைக் கிரீசைத் துணியில் துடைத்துக்கொண்டு நோட்டில் இருந்த தேதியைக் குனிந்து பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

“சார், இந்தத் தேதியில நான் வேலைக்கே வரல. என் மூத்தவ பொறந்த நாளு. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுட்டிருந்தேன்.”

“அப்ப ஏன்யா இத்தன வருஷம் வாயத் தொறக்கல?”

“எனக்கு எந்தத் தேதின்னு யாரு சொன்னா? தொறந்தே தொறந்தேன்னீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நானும் தொறந்ததாவே நெனச்சுட்டேன்.”

அன்று கதவு திறக்கவே இல்லை. அது கதவுசாத்திக்கு எப்போது தெரியும் என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது; கத்திக் கத்தித் தானே நம்பியிருந்தார். மச்சான் பையை மொய்த்த ஈ தன் சட்டைப் பையிலும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் எழுதி முடித்தார்: புள்ளிகள் இருபத்து நாலு, கதவு சாத்தியே இருந்தது, ஃபிட்டர் அன்று விடுமுறை, கோடு நேர்கோடு இல்லை, அதன் மேல் கட்டிய பொடி செங்கல். பழைய கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கே அதை அனுப்பினார்; அது நாலு கை மாறியிருந்தது. இவ்வளவு பழைய தவறைத் திருத்தும் வழக்கம் தங்களிடம் இல்லை, புதிதாக ஏதாவது இருந்தால் கட்டணத்தோடு அனுப்பவும் என்று எழுதினார்கள். அவர் அந்தப் பக்கத்தை நடைவழி அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தார். மூன்று வாரம் அது அங்கே இருந்தது. ஓர் ஈகூட உட்காரவில்லை.

பொடிக் கட்டுரை அவர் கையெழுத்து இல்லாமலே வெளிவந்தது. வாரம்ரெண்டு பிற்பாடு துணைவேந்தர் ஆனார். பதவியேற்பு மேடையில் அவர் முகம் தெரியாத அளவுக்கு ஈ, கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். துறையில் சிலர் மட்டும் எழுதியதை அனுப்புமுன் நடைவழி பெஞ்சில் ஒரு மணி நேரம் பரப்பி வைக்கும் பழக்கத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் பெரிய மின்விசிறியாக வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் கடைசி நாள் சோதனைக்கூடத்தைக் காலி செய்தார்கள். மீட்டிங் ஹாலுக்கு நாற்காலிகள் வந்து வாசலில் அடுக்கியிருந்தன. ஃபிட்டர் சுவரிலிருந்த படத்தை இறக்கி, திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தார். ஈ எழுந்து விளிம்பில் போய் உட்கார்ந்தது. கதவுசாத்தி பேனாவை எடுத்து, நோட்டைப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். மை காயும் வரை ஈ காத்திருந்தது. பிறகு புள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, கதவு வழியாக வெளியே பறந்து போனது.

ஃபிட்டர் பழக்க தோஷத்தில் கதவைச் சாத்த எழுந்தார்.

“தொறந்தே கெடக்கட்டும்யா,” என்றார் கதவுசாத்தி.