தாரியாவின் குடுவை

ஓரெஸ்ட் விட்ட குத்தில் பேராசிரியர் ப்ரூடன் பனிக்குவியலில் போய் விழுந்தார். மூக்கில் ரத்தம் கொட்டியது. கண்ணாடி உடைந்து எங்கோ தெறித்தது. தேவாலயக் கூடத்துக்குள், அடக்கம் முடிந்து தருகிற தேன் கலந்த கோதுமையைக் கிண்ணத்தில் வாங்கியவர்கள் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். வெளியே வர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"என் தங்கச்சியப் பொதைச்சு ஒரு மணி நேரம் ஆகல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுய்யா இங்க வந்தே?"

காலரைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தான்.

சனிக்கிழமை காலைப் பனிப்புயலில் தங்கை தாரியாவின் கார் லாரிக்கு அடியில் போயிருந்தது. ப்ரூடனின் ஆய்வுக்கூடத்துக்குப் போகிற சாலை. அங்கேதான் அவளுக்கு ஆராய்ச்சி. பிளவுபடப் போகும் செல்களை மருந்து போட்டு நிறுத்தி வைப்பாள். குறித்த மணிக்கு எடுத்துக் கழுவாவிட்டால் அத்தனையும் பாழ். ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டுகிறதாம். ஒட்டினால்தான் தப்பாகப் பிடித்த இழை குரோமோசோமை விடுமாம். இல்லையென்றால் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கு போகுமாம். இதைக் கட்டிக்கொண்டு அழுதவள், அப்பாவின் நினைவுப் பூசைக்குக்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமை போனில் ஓரெஸ்ட் கத்தியிருந்தான்: "செத்தாலும் அந்தச் செல்லோடயே சாவு!"

இப்போது அந்தக் கத்தலையெல்லாம் ப்ரூடன்மேல் இறக்கினான். "புயல்ல வரச்சொல்லி நீதான்யா கொன்னே."

ப்ரூடன் ரத்தத்தைத் துப்பினார். "இல்ல. அன்னிக்கு நானே போய்க் கழுவிட்டேன். நீ வர வேண்டாம்னு காலைல ஏழு மணிக்கே அவளுக்கு எழுதினேன்."

"புளுகாதே."

அவர் போனை நீட்டினார். தாரியாவின் பதில் இருந்தது. 'நன்றி. அப்போ அண்ணன் வீட்டுக்குப் போறேன். கோவமா இருக்கான். நேர்ல பாத்தா சரியாயிடுவான்.'

ஓரெஸ்ட்டின் வீடும் அதே சாலையில்தான், இன்னும் ஆறு கிலோமீட்டர் தள்ளி. காலரிலிருந்து அவன் கை நழுவியது. தன் மண்டையைத் தானே உடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ப்ரூடன் பனியிலிருந்து எழுந்துகொண்டே சொன்னார். "அவ வளர்த்தது இன்னும் ஒரு குடுவை இருக்கு. நேத்து மருந்து போட்டேன். மூணு மணிக்கு எடுக்கணும். கண்ணாடி இல்லாம என்னால ஓட்ட முடியாது."

ஓரெஸ்ட் வண்டியை எடுத்தான்.

ஆய்வுக்கூடத்தில் ப்ரூடன் ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவையை அவன் கையில் வைத்தார். உள்ளே இளஞ்சிவப்பு நீர். "பிரியப்போற செல் மட்டும் உருண்டுபோய் லேசா ஒட்டிக்கிட்டிருக்கும். பக்கவாட்டுல உள்ளங்கையால ஓங்கி அடிச்சாத்தான் கழண்டு வரும். தாரியா அடிச்சா அடுத்த அறைக்குக் கேக்கும். அடிங்க."

ஓரெஸ்ட் கையை ஓங்கினான். விரல் கணுக்களில் ப்ரூடனின் ரத்தம் காய்ந்திருந்தது.

"நேரமாவுது, ஓரெஸ்ட்."

கை இறங்கவில்லை.

"நீங்களே அடிங்க சார்" என்று குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பின்னால் அடி விழத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் அவன் தோள் அதிர்ந்தது.