ஒற்றை ஆளா, மூன்று பேரா

ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த நாள் முதல் எபினேசர் ஹால்சிக்கு ஒரே குழப்பம். புது நாட்டை ஆளும் அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுப்பதா, மூன்று பேருக்குப் பங்கு போடுவதா? விடிந்தால் சபையில் ஓட்டு. மாநிலத்துக்கு ஒரே ஓட்டுதான். அவர் மாநிலத்திலிருந்து வந்ததோ இரண்டு பேர். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஓட்டு கணக்கில் சேராது.

ஹால்சி மூவர் கட்சி. "இன்னொரு ராஜாவை உண்டாக்கிட்டு இந்தப் படி ஏறாதீங்க" என்று மனைவி தாபிதா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். பழைய ராஜாவோடு நடந்த விடுதலைச் சண்டையில் செத்தது அவர்களுடைய ஒரே பிள்ளை.

கூட வந்த லெமுவேல் கார், ஒருவரே ஆளட்டும் என்ற கட்சி. அன்று மத்தியானம் சத்திரத்தில் ஆட்டுக்கறியை அறுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஓய், உம்ம பையன் எதனால செத்தான்?"

"தெரியாதா உமக்கு? பனியில கால் அழுகி."

"படைக்குப் பூட்ஸ் ஏன் போய்ச் சேரலை?"

ஹால்சி ரொட்டியைப் பிய்த்தார்.

"கமிட்டி மேல கமிட்டி போட்டுப் பேசிட்டிருந்தாங்க. 'அனுப்பு'ன்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. இப்பவும் மூணு பேரை உக்கார வைக்கணுங்கறீர்."

"அந்த ஒரு ஆள் வேண்டாத சண்டைக்கு அனுப்பினா? உம்ம வீட்லயும் ரெண்டு பையன் இருக்கான்யா."

கார் தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலையில் சபையில், பேச்சு வெளியே போகாதபடி ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வியர்வை ஊற்றியது. மதில்மேல் பூனையாக இருந்த ஹால்சி, மாநிலத்தின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார்.

"ஒருவர்." சொன்ன வாயை அவராலேயே நம்ப முடியவில்லை.

"மூவர்" என்றார் கார்.

இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஓட்டு சேராமலே ஒருவர் கட்சி ஜெயித்தது.

"என்னய்யா பண்ணினீர்?" என்றார் ஹால்சி, வாசலில்.

"நீர் சொன்னதைத்தான். விடிய விடிய என் பசங்க ஞாபகம்." கார் அவர் தோளைத் தொட்டார். "விடும். தாபிதாகிட்ட தைரியமாப் போய் நில்லும். உம்ம ஓட்டைத்தான் நான் அழிச்சிட்டேனே. ராஜாவை உண்டாக்கினது நீர் இல்லை."

"அவளுக்கு அது போதும்" என்றார் ஹால்சி. "நான் பிள்ளைக்காக ஒரு தடவை 'அனுப்பு'ன்னு சொன்னேன்யா. அதுவும் போய்ச் சேரலை."