ஒன்பதிலிருந்து நாலுக்கு

"நீ எவ்வளவு வேகமா வாசிப்பே?"

"நீ எவ்வளவு வேகமா அடிப்பே?"

"நிமிஷத்துக்கு எரநூத்தி இருபது அடி."

"அப்ப நானும் அவ்வளவுதான்."

மூன்று வருடத்துக்கு முன்னால், த்ருவா-ரிவியேர் ஊரில், பூட்டீன் என்னும் உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடை வாசலில், டிரம்ஸ் அடிக்கும் ஃபாபியானிடம் கிட்டார் வாசிக்கும் ஓடீல் சொன்ன பொய் அது. அவன் சிரித்த அழகில் வாய் தவறி வந்துவிட்டது. அதை நம்பித்தான் அவளைத் தன் மெட்டல் இசைக்குழுவில் சேர்த்தான். அடுத்த வருடமே தன்னோடு வாழ வீட்டுக்கும் கூட்டிப்போனான்.

ஓடீலின் கைக்கு நூற்றுத்தொண்ணூறுதான் எட்டும். மீதி முப்பதை, கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் இருக்கும் கெயின் குமிழ் பார்த்துக்கொண்டது. அதை ஒன்பதில் வைத்து உறுமவிட்டால், வாசித்த சுரம் எது, விட்டுப்போனது எது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக அடிக்கச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறாள். மெட்டல் வாசிக்கிறவர்கள் கேட்கிற கேள்வியா அது?

இன்று முதல் ஆல்பத்துக்கான பதிவு. பேஸ் கிட்டார் வாசிக்கும் சில்வான் வீட்டு நிலவறையில்தான் எல்லாம். ஃபாபியான் தன் பங்கை முதலில் அடித்துப் பதிந்துவிட்டான். அதன்மேல் ஓடீல் வாசித்ததும் சில்வான் முகத்தைச் சுளித்தான்.

"கிட்டார் கேட்டேன், பட்டாணி சூப் ஊத்துறியே."

"உன் காதுல பனி அடைச்சிருக்கும்."

"உங்க ரெண்டு பேர் சண்டைய மூணு வருஷமா கேட்ட காது. அதுக்கு ஒண்ணும் ஆகல."

அவன் கெயினை நாலுக்கு இறக்கினான். கனத்த கீழ் ஒலியைக் குறைத்து நடு ஒலியை ஏற்றினான். கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே, கொழகொழப்பை வடிகட்ட ஒரு சின்ன பெடலைச் செருகினான். ஓடீல் ஒரு தந்தியைத் தட்டினாள். சத்தம் கத்தியால் நறுக்கினாற்போல் விழுந்து நின்றது.

"இதுதான்டா சத்தம்," என்றான் ஃபாபியான்.

"இப்ப முழுசா வாசி. அப்புறம் அதையே இன்னொரு தடவை. ஒண்ணு இடப்பக்கம், ஒண்ணு வலப்பக்கம். ரெண்டும் ஒட்டணும்," என்றான் சில்வான் ஓடீலிடம்.

ஒட்டவில்லை. ஒரே மாடிப்படியில் இரண்டு குதிரைகள் இறங்குவதுபோல் கேட்டது.

சில்வான் ஒயரை மாற்றினான். தடித்த தந்தி பூட்டினான். ஃபாபியான் தன் தலைமுடியில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, தந்திகள் வீணாக அதிராதபடி கிட்டாரின் கழுத்தில் சுற்றிவிட்டான். அப்படியும் குதிரைகள் இரண்டாகவே இறங்கின.

"ஆம்ப்தான் மக்கர் பண்ணுது. என் மாமாகிட்ட ஒண்ணு இருக்கு, போய்த் தூக்கிட்டு வரேன்," என்று ஃபாபியான் கோட்டை மாட்டினான். வெளியே முழங்கால் அளவு பனி.

ஒயரைச் சந்தேகப்பட்டார்கள், தந்தியைச் சந்தேகப்பட்டார்கள், அவளை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஓடீலுக்கு அதுதான் தாங்கவில்லை. அவளுடைய விரல் கெயின் குமிழைத் தொட்டது. ஒன்பதுக்குத் திருப்பிவிட்டால் போதும். திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"கோட்டைக் கழட்டு, ஃபாபியான்."

"ஏன்?"

"கொஞ்சம் மெதுவா அடிக்கிறியா? நூத்தித்தொண்ணூறுல. எனக்கு அதுக்குமேல கை வராது. ஒரு நாளும் வந்ததில்ல."